அச்சின் உட்புறம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், எல்பே நதிக்கரையில் சனிக்கிழமைதோறும் கூடுகிற பழம்பொருள் சந்தையில், பீங்கான் தட்டுகளுக்கும் துருவேறிய சாவிகளுக்கும் நடுவே, முயலின் வடிவில் குழிந்த இரு பாதித் தகடுகள் கிடப்பதைக் கண்டேன். ஈஸ்டர் பண்டிகைக்கு முயலுருவச் சாக்லேட் வார்க்கும் அச்சு அது. பாரிஸில் லெத்தாங் குடும்பத்தார் 1832 முதல் நடத்திவந்த அச்சு செய்யும் தொழிலை, 1870-இல் டிரெஸ்டனில் பட்டறை தொடங்கிய அன்டோன் ரைஷே பெருந்தொழிலாக வளர்த்தார். அவர் பெயரும் எண்ணும் பொறித்த அச்சென்றால் விலை உடனே ஏறிவிடுகிறது.

பெயருக்கு இத்தனை மதிப்புக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. சாக்லேட் செய்கிறவர் பார்க்க வேண்டியது அச்சின் உட்புறத்தையே. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றுள் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும் ஐந்தாவது வகையாக அது உறையும்படி, பதமறிந்து சூடாக்கியும் ஆற்றியும் வார்த்தால்தான், சாக்லேட் குளிரும்போது சற்றே சுருங்கி, அச்சின் சுவரைத் தானே விட்டு விலகிவரும். ஆனால் பதம் எவ்வளவு சரியாக இருந்தாலும், தான் உறைந்த பரப்பின் வழவழப்பைத்தான் சாக்லேட் தன் மேனியில் ஏற்றுக்கொள்ளும். என்றோ ஒருவர் பொறுமையிழந்து கத்திமுனையால் சுரண்டிய கீறல், அதற்குப் பின் வார்க்கப்படும் ஒவ்வொரு முயலின் கன்னத்திலும் தவறாமல் தோன்றும். மென்துணியால் மட்டுமே துடைத்து, ஈரம் தங்கவிடாமல் அச்சைக் காத்த முகமறியாத தொழிலாளியின் சிரத்தையும் அவ்வண்ணமே தோன்றும். பழைய அச்சை வாங்குகிறவர் உண்மையில் விலைகொடுத்துப் பெறுவது அந்தச் சிரத்தையைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகையால் அச்சைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். எஃகுத் தகட்டின்மேல் வெள்ளீயப் பூச்சு ஒரே சீராக இருக்கிறதா, காதின் நுனி போன்ற குறுகிய இடங்களில் துரு புகுந்திருக்கிறதா, இரு பாதிகளும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா என்பவற்றையெல்லாம் நிதானமாகச் சோதிக்க வேண்டும். விளிம்பு பொருந்தாவிடில் சாக்லேட் கசிந்து, முயலின் முதுகெங்கும் தடித்த தழும்பு ஓடும். விற்பனைக்காகக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளக்கச் செய்த அச்சுகளைக் கண்டால் எனக்கு மனம் வருந்துகிறது. பல்லாண்டு காத்த பூச்சு சில நிமிஷங்களில் அழிந்துபோகிறது. பற்றவைத்துப் பழுதுபார்த்த பழைய அச்சில் காரீயம் கலந்திருக்கக்கூடுமாதலால், எத்தனை அழகாயிருந்தாலும் அதில் உண்ணும் பண்டத்தை வார்க்கலாகாது.

தினசரி உபயோகத்திற்கு, சாக்லேட் கடையை மூடுகிறவர்கள் விற்கும் பாலிகார்பனேட் அச்சுகளே உசிதமானவை. அவற்றிலும் சோதனை இதுவேதான்: குழிகளின் உள்ளே கீறலோ மயிரிழை வெடிப்போ தென்படலாகாது. சந்தையில் கண்ட முயலின் உட்புறம் மாசற்றிருந்தது. பற்றவைத்த தடமும் இல்லை. எந்தப் பட்டறையின் பெயரும் அதில் இல்லாததால் விற்றவர் குறைந்த விலையே கேட்டார்; நான் பேரம் பேசவில்லை.