கட்டிலுக்கு அடியில் ஒரு விளக்கு

8 மார்ச் 2025, சனி

விடியற்காலை கடற்கரைச் சாலை. பழைய சாராய ஆலைப் பக்கம் அலைத் தடுப்புக்குக் கொட்டிய கற்களில் ஒன்று புதிதாகப் பிளந்திருக்கிறது. வெளியே உப்பும் பாசியும் அப்பிய சாதாரணக் கருங்கல். உடைந்த முகமோ நல்லெண்ணெய் தடவிய அம்மி மாதிரி மினுங்கியது. பச்சை ஓடிய கறுப்பு. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன், குவார்ட்ஸ் மணிகளில் லேசான நீலம். சார்னோகைட்!

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவராம். "திண்டிவனத்துக்கு அந்தாண்ட குவாரியிலேருந்து நாங்க ஏத்தியாந்த கல்லும்மா இதெல்லாம்" என்றார்.

இந்தக் கல்லின் பெயர்க் கதை நம் பக்கத்தில் தொடங்குகிறது. 1690களில் கல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் போயிற்று. இருநூறு வருடம் கழித்து, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்த வகைக் கல்லுக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மொட்டைமாடியில் தெருப் பிள்ளைகளுக்கு மலை பிறக்கும் கதை சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டு நிலங்கள் மோதின, நடுவில் மடிந்து எழுந்தது மலை என்று முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அடுப்பைச் சொல்லாமல் சமையலை மட்டும் சொன்ன மாதிரி. இந்த முறை அடுப்பையும் சொல்லியாக வேண்டும்.

9 மார்ச், ஞாயிறு

அடுப்புக் கதையைச் சிலியிலிருந்து தொடங்கலாம். கடல்முகடு ஒன்று கண்டத்துக்கு அடியில் நுழைவது அங்கே இன்றைக்கும் நடக்கிற காரியம்.

கடல் நடுவே ஓடும் முகடு என்பது புதுத்தரை பிறக்கும் தையல். இருபுறமும் தட்டுகள் விலக விலக, அடியிலிருந்து பாறைக்குழம்பு ஏறிவந்து கடல்நீர் பட்டு இறுகுகிறது. புதுத்தரை சூடு, அதனால் மிதப்பும் அதிகம். முகட்டின் உச்சி கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் இரண்டரை கிலோமீட்டரில் இருக்கும். வயதாகி ஆறிய தரை ஐந்து கிலோமீட்டருக்கும் கீழே போய்விடும். கண்டத்துக்கு அடியில் பெரும்பாலும் அமிழ்வது இந்த ஆறிய தரைதான். சிலி முகடோ, தெற்கே 46 பாகை அருகே டைட்டாவோ தீபகற்பத்தை ஒட்டி, தானே தென்னமெரிக்காவுக்கு அடியில் நுழைகிறது. ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்கோடியில் முதலில் முட்டி, பிறகு படிப்படியாக வடக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

டைட்டாவோவில் கடலடிப் பாறை கரையேறி நிற்கிறது. வயது ஒரு கோடிகூட ஆகவில்லை. கடல்தரை அமிழும் அகழிக்குப் பக்கத்திலேயே கிரானைட்டும் இருக்கிறது. வழக்கமாக அது குளிர்ந்த மூலை, அங்கே பாறை உருகச் சூடு போதாது. அந்தச் சூட்டைக் கொண்டுவந்தது முகடு.

11 மார்ச், செவ்வாய்

முகடு உள்ளே போனபின் அந்தத் தையல் என்னவாகும்? இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்பதிலேயே நேற்றிரவு போயிற்று.

உள்ளே போனாலும் இரண்டு தட்டும் விலகுவதை நிறுத்துவதில்லை. முன்னே போகும் நாஸ்கா தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நகர்கிறது. பின்னே வரும் அண்டார்க்டிக் தட்டு 2 சென்டிமீட்டர்தான். ஆனால் மேலே குளிர்விக்கக் கடல்நீர் இல்லை, குழம்பு இறுகித் தரையாவதில்லை. தையல் விட்டுப்போய்ச் சந்து விழுகிறது. தட்டில் திறந்த ஜன்னல்.

மத்தியானம் அம்மாவின் பிரம்புக் கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்தேன். அடியில் ஒரு விளக்கு. விளக்குக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு கோரைப்பாய்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து, பேத்தியை விட்டு ஒரு பக்கமிருந்து உள்ளே நுழைக்கச் சொன்னேன். கட்டில் கண்டம், பாய்கள் தட்டுகள், விளக்கு அடியிலிருக்கும் சூடான கவசம். முன்பாயை வேகமாகவும் பின்பாயை மெதுவாகவும் தள்ளியதும் நடுவே சந்து திறந்தது. பிரம்புப் பின்னலின் கண்கள் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் கூரையில் ஏறியது. "ஐ, ஆத்தா!" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும்.

12 மார்ச், புதன்

மாசி மகம். வைத்திக்குப்பத்துக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்ததால் தெருவே அங்கேதான். எதுவும் எழுதவில்லை.

13 மார்ச், வியாழன்

ஜன்னல் திறந்தால் மேலே மலைக்கு என்ன ஆகிறது? சிலி முகடு நுழைந்த பட்டகோனியாவில் மூன்று விளைவுகள் தெரிகின்றன. எரிமலை வரிசையில் இடைவெளி விழுந்திருக்கிறது, வடக்கே ஹட்சனுக்கும் தெற்கே லௌட்டாரோவுக்கும் நடுவே. கிழக்கே சமவெளியில் பசால்ட் குழம்பு பரந்து பீடபூமிகளாகக் கிடக்கிறது. மிதப்பான முகடும், அடியில் ஏறிய சூட்டுக் கவசமும் சேர்ந்து நிலத்தை மேலே தூக்கிவிட்டிருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அங்கே பனிப்பாளம் கரைந்து பாரம் குறைய, நிலம் எழுகிறது. தென் பட்டகோனியப் பனிப்புலத்தில் சில இடங்களில் வருடத்துக்கு 4 சென்டிமீட்டர்! சூடேறி இளகிய கவசம் அடியில் இருப்பதால்தான் இத்தனை வேகம். ஜன்னல் இப்போதும் வேலை செய்கிறது.

சாயங்காலம் வாசிப்பில் திபெத்துக்குப் போனேன். பிரம்மபுத்திராவுக்கு வடக்கே நீளும் காங்டிஸ் பாறைத்தொடரில் சுமார் 9 கோடி வயதான சார்னோகைட்டைக் கண்டு, டெத்திஸ் கடலின் முகடு ஆசியாவுக்கு அடியில் போனதன் தடயமாக இருக்கலாம் என்று 2010இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். தலைப்பில் கேள்விக்குறி வைத்திருந்தார்கள், அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரை பிடிக்கும். அவர்கள் சொல்வது சரியென்றால், இந்தியா போய் முட்டுவதற்கு நான்கு கோடி ஆண்டுக்கு முன்பே அந்த விளிம்பில் அடுப்பு மூட்டியாயிற்று. பல்லாவரத்துக் கல்லால் பெயர் பெற்ற பாறை அங்கே சாட்சி சொல்கிறது என்பதை நினைத்தால் எழுதும் கை நின்றுவிடுகிறது.

15 மார்ச், சனி

கொடைக்கானலையும் சொல்லாமல் எப்படி? மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டிப் பாறையில் சஃபிரின் என்ற நீலக் கனிமம் உண்டு. அங்கே பாறைகள் கீழோட்டில் 900 டிகிரிக்கு மேல் வெந்தவை, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அத்தனை சூடு எங்கிருந்து வந்தது? புவியியலாளர்கள் எம். சந்தோஷும் திமோதி கஸ்கியும் அதே 2010இல், முகடு அமிழ்ந்து ஜன்னல் திறந்ததே காரணம் என்றார்கள். இன்னொரு தரப்பு, தடித்துப்போன கண்ட ஓட்டில் யுரேனியமும் தோரியமும் நெடுங்காலம் விட்ட சூடே போதும் என்கிறது. இங்கே அந்த முகடு இருந்திருக்கக்கூடிய கடலே இல்லாமல் போய்விட்டது, அதனால் முகட்டை நேரில் காட்ட முடியாது. எனக்கு இரண்டாம் தரப்பே சற்றுக் கனமாகப் படுகிறது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்வேன்.

நம் கடற்கரைக் கல் இதற்கெல்லாம் மூத்தது. வடதமிழ்நாட்டு சார்னோகைட்டுகளுக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. கொடைக்கானல் கதையை அதன்மேல் ஏற்றிவிடக் கூடாது.

16 மார்ச், ஞாயிறு

பதினோரு பேர் வந்தார்கள். கட்டிலை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். இருட்டியதும் பாய் விலக, ஒவ்வொருவராகக் கட்டிலின் மேல் குனிந்து முகத்தில் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டார்கள்.

ஏழாவது படிக்கிற ஒருத்தி கேட்டாள்: "நம்ம பக்கத்துல எங்கயாச்சும் இப்டி முகடு உள்ள போவுதா மிஸ்?"

போகிறது. சுமத்ராவுக்கு அடியில், வார்ட்டன் முகடு. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன்பே தரை விரிவது நின்றுபோன, ஆறிப்போன முகடு அது. 2004 சுனாமி கிளம்பிய அதே அகழியில் இறங்குகிறது. முகட்டால்தான் சுனாமி வந்தது என்று நினைத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னேன். வந்திருந்த பிள்ளைகள் யாரும் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. அலை எங்கே வரைக்கும் ஏறியது, கல்தடுப்பு எப்படித் தாங்கியது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மலைக்கதை கொஞ்ச நேரம் நின்றுபோனது.

ஒன்பது மணிக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். பிளந்த கல்லின் மேல் டார்ச் அடித்தோம். முதலில் அந்தப் பெண்தான் கை வைத்தாள். "சில்லுனு இருக்கு மிஸ்" என்றாள்.