ஊன்றுகோல் வழக்கும் புவாரோவின் கடைசிக் கதையும்

கரமனை ஆற்றையொட்டிய அக்ரஹாரத்தில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்த அண்ணன் தம்பி வழக்கு அது. பாகத் தகராறு. ஒருநாள் அந்தி நேரத்தில் அண்ணன், காலமான தகப்பனாரின் ஊன்றுகோலை எடுத்துத் தம்பியை அடித்துவிட்டார். இடது முன்கை எலும்பு முறிந்தது. முறிவு என்றால் சட்டப்படி கொடுங்காயம். ஆயுதத்தால் என்பதால் போலீசார் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-ஆம் பிரிவைப் போட்டார்கள். வஞ்சியூர் நீதிமன்றத்தில் அண்ணன் தரப்பில் நான் ஆஜரானேன்.

கட்சிக்காரர் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்கு எங்கிருந்து வந்தது இந்த ஆவேசம்? பதில் அரசுத் தரப்புச் சாட்சிப் பட்டியலிலேயே இருந்தது. குடும்பத்துக்கு வேண்டிய உறவுக்காரர் ஒருவர் மாதக்கணக்கில் சாயங்காலந்தோறும் அண்ணன் வீட்டுத் திண்ணைக்கு வந்து போயிருக்கிறார். விசாரணை நாளில் அவர் அங்கவஸ்திரத்தைச் சாட்சிக் கூண்டின் கம்பிமேல் மடித்துப் போட்டுவிட்டு, நிதானமாக நின்றார்.

"அடிக்கச் சொன்னீர்களா?"

"ஐயோ, நானா?"

"பின்னே என்ன சொன்னீர்கள்?"

"'ஒன் எடத்துல நான் இருந்தா எனக்குத் தூக்கமே வராதுப்பா'ன்னேன். அக்கறைல சொன்னதுதானே."

மாஜிஸ்திரேட் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சாட்சியும் அதே கனிவோடு திரும்பச் சொன்னார்.

குற்றத்துக்கு உடந்தை என்பதற்கு 107-ஆம் பிரிவு தூண்டுதல், சதி, உதவி ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டது. இங்கே பொருந்தக்கூடியது தூண்டுதல்தான். ஆறுதல் மாதிரி ஒலிக்கும் பேச்சைத் தூண்டுதல் என்று நிரூபிப்பது எப்படி? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 319-ன்கீழ் அவரையும் எதிரியாகச் சேர்க்க முயற்சி நடந்தது. ஹர்தீப் சிங் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்த அளவுகோல் கடுமையானது. முதல்நோக்கில் குற்றம் தெரிந்தால் போதாது, அதைவிட வலுவான சாட்சியம் வேண்டும். மனு தள்ளுபடியானது. ஆத்திரமூட்டல் என்று 335-ஐப் பிடிக்கவும் வழியில்லை. அது திடீரென்று நிகழ்ந்திருக்க வேண்டும், அடிபட்டவரே மூட்டியதாகவும் இருக்க வேண்டும். இங்கே மூட்டியவர் மூன்றாம் ஆள், அதுவும் மாதக்கணக்கில். அண்ணனுக்குத் தண்டனை விழுந்தது. சாட்சி வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் என் ஜூனியர் கொண்டுவந்து கொடுத்த புத்தகம் அகதா கிறிஸ்டியின் 'கர்ட்டன்'. 1920-இல் ஸ்டைல்ஸ் மாளிகையில் தொடங்கிய துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ, 1975-இல் வெளிவந்த இந்த நாவலில் அதே மாளிகையில் இறக்கிறார். கிறிஸ்டி இதை இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்திருந்தார். வெளிவரும் முன்பே, ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. கதையில் வரும் நார்ட்டன் யாரையும் தொடுவதில்லை. பேசியே பிறரைக் கொலைவரை கொண்டுபோகிறான். புவாரோவின் நண்பர், நல்லவரான ஹேஸ்டிங்ஸ்கூட ஒருவனுக்கு விஷம் வைக்கத் துணிகிறார். அந்த இடத்தில் என் கட்சிக்காரரின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. வஞ்சியூரில் என்னால் நிரூபிக்க முடியாததை அந்த அம்மையார் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறார். அதற்காக நான் அவருக்குக் கடமைப்பட்டவன்.

ஆனால் முடிவு? சட்டத்தால் நார்ட்டனைத் தொட முடியாது என்று கண்ட புவாரோ அவனை மயக்கி, நெற்றி நடுவில் சுட்டுக் கொல்கிறார். தன் நெஞ்சுவலி மருந்தையும் ஒதுக்கிவிட்டுச் சாகிறார். தான் செய்தது சரியா என்று தெரியவில்லை என்று கடைசிக் கடிதத்தில் எழுதவும் செய்கிறார். அந்தக் கடிதத்தின் நேர்மை என்னை உலுக்கியது. இருந்தும் மனம் ஒப்பவில்லை. நார்ட்டனுக்குக் குறுக்கு விசாரணை இல்லை, தன் தரப்பைச் சொல்ல ஒரு வக்கீல் இல்லை. 1934-இன் 'ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' கதையில் கொலையாளிகளைப் போகவிட்டபோதும் புவாரோ துப்பாக்கியைக் கையில் எடுக்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் வாசகர் நம்பிய துப்பறிவாளரைக் கொலைகாரராக அனுப்பிவைத்தது துணிச்சல்தான். எனக்கு அது தீராத வருத்தமும்கூட.

அண்ணனின் மேல்முறையீட்டில், ஊன்றுகோல் உயிர்போக்கும் ஆயுதம் அல்ல என்று வாதிட்டேன். செஷன்ஸ் நீதிமன்றம் ஏற்றுக் குற்றத்தை 325-ஆகக் குறைத்தது. 326-இல் சமரசத்துக்கு இடமிருக்கவில்லை. 325-இல் நீதிமன்ற அனுமதியோடு இருந்தது. தம்பியே வந்து கையெழுத்துப் போட்டார். அண்ணன் விடுதலையானார்.

2024 ஜூலை 1 முதல் பழைய 107, பாரதிய நியாய சன்ஹிதாவில் 45-ஆம் பிரிவு. உடந்தையின் வரையறை மாறவில்லை. திண்ணைப் பேச்சையெல்லாம் அதற்குள் இழுத்துப் போடும்படி அதை விரிக்கக் கூடாது என்பதே, இந்த வழக்கை நடத்திய பிறகும், என் கருத்து.