நடுவில் நிற்கிற பொடியன்

எங்கள் சித்தப்பாவுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் தகையாமல் தள்ளித் தள்ளிப் போனதற்கு ரோமாபுரிச் சக்கரவர்த்திகள்தான் காரணம் என்று ஆச்சி கடைசிவரை நம்பினாள். பெண் வீட்டிலிருந்து ஆள் வந்து, பட்டாசலில் பாய் விரித்து உட்காரவைத்து, காபி கொடுத்து, பேச்சு நகை நட்டு வரை வந்து சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, சித்தப்பா தார்சாவிலிருந்து ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து, "இதப் பாத்தியளா?" என்று திறந்துவிடுவார். உள்ளே பஞ்சின்மேல், நகத்தளவில் கறுத்துப்போன ஒரு செப்புக்காசு. வந்தவர்கள் காபியை மடமடவென்று முடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "சவத்தக் காட்டாம இருந்தா என்னடே?" என்று ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்பாள். கடைசியில், தீப்பெட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, "இது ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்ட ஒரு பெண்தான் எங்களுக்குச் சித்தியாக வந்தாள். அது பிறகு நடந்தது.

வண்ணார்பேட்டையில் பேராச்சியம்மன் கோயிலுக்குப் போகிற பக்கம் எங்கள் வீடு. ஆறு அத்தனை கிட்டம். விடிகிற முன்னே கல்லில் துணி அடிக்கிற சத்தம் வந்துவிடும், அதன்மேல் சங்ஷனிலிருந்து சுலோசன முதலியார் பாலம் ஏறி வருகிற முதல் பஸ்ஸின் உறுமல், அதற்கும் மேலே ஆச்சி பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளை விரட்டுகிற குரல், வெயில் ஏறினால் ஈரத்துணியும் ஆற்றுமணலும் சேர்ந்து காய்கிற ஒரு வாசனை. தார்சாவுக்குள் மட்டும் இது எதுவும் நுழையாது. அங்கே எந்நேரமும் காறல் எடுத்த தேங்காய் எண்ணெயும் செம்புக் களிம்பும் கலந்த வாடைதான். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெயை ஊற்றி அதற்குள் காசுகளை மாசக்கணக்கில் ஊறப்போட்டிருப்பார் சித்தப்பா. ஊறினதை எடுத்து, ஈர்க்கு நுனியைச் சீவி, எழுத்து எழுத்தாக மண்ணைக் கிளறி எடுப்பது அவருடைய ராத்திரி வேலை. பகலில் கொக்கிரகுளத்தில் குமாஸ்தா.

ஞாயிற்றுக்கிழமை என்றால் டவுன். நெல்லையப்பர் கோயில் ரதவீதியை ஒட்டின சந்து ஒன்றில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி பழைய செம்பு, பித்தளை எடைக்கு எடுப்பார். நசுங்கின குத்துப்போணி, மூக்குடைந்த கெண்டி, காதில்லாத தாம்பாளம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சாக்குமூட்டை நிறையக் காசு. அதுவும் எடைக்கு வந்ததுதான், எடைக்கே பட்டறைக்குப் போய் உருகிவிடும். போவதற்கு முன் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். "பொறுக்குனா வெல வேற, தம்பி" என்பார் அண்ணாச்சி, வாரந்தவறாமல், அது எங்களுக்குத் தெரியாத மாதிரி.

தரையில் சாக்கை விரித்துக் காசைக் கொட்டினால் திருநெல்வேலிச் சீமையின் கடன்காரர்கள் அத்தனை பேரும் அங்கே கிடப்பார்கள். திருவாங்கூர்ச் சல்லி, நாயக்கர் காசு, கும்பெனிக் காசு, தூத்துக்குடிப் பக்கம் புழங்கின ஒல்லாந்தர் காசு. ரோமாபுரி என்றைக்காவதுதான் வரும். எனக்குச் சித்தப்பா கொடுத்திருந்த அடையாளம் சுருக்கமானது: "வலப்பக்கம் பாக்கிற தல, நெத்தியில முத்துச்சரம் கட்டியிருக்கும். கண்டா சத்தம் போடாத, என் முழங்கையில ஒரு இடி இடி." சத்தம் போட்டால் அண்ணாச்சி விலையை ஏற்றிவிடுவாராம். நான் கண்டதற்கெல்லாம் இடித்து இடித்து அவர் முழங்கை வீங்கினதுதான் மிச்சம். விக்டோரியா ராணி இடப்பக்கம் பார்ப்பாள் என்பதுகூட அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அப்படி ஒருநாள் இடித்தது நிஜமாகவே பலித்தது. எடை சுமார் ரெண்டு கிராம் இருக்கும். எண்ணெயில் ஊறி, ஈர்க்குச்சியில் மண் உதிர்ந்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வந்தபோது ஒரு பக்கம் முத்துச்சரத் தலை, மறுபக்கம் மூன்று பேர் நிற்கிறார்கள். இந்தக் கோடியில் ஒரு ஆள், அந்தக் கோடியில் ஒரு ஆள், நடுவில் குட்டையாக ஒரு பொடியன். சுற்றிலும் லத்தீனில், ரோமானியரின் பெருமை என்று எழுத்து, பாதி தேய்ந்து. "யாரு சித்தப்பா இவங்க?" என்றேன். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆற அமரச் சொன்னார். ஒரு ஓரத்தில் நிற்பது ஆர்க்காடியஸ், கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து கிழக்கை ஆண்டவன். இன்னொரு ஓரம் அவன் தம்பி ஹொனோரியஸ், மேற்கை ஆண்டவன். அப்பன் தியோடோசியஸ் 395-ல் செத்ததும் ராஜ்யம் ரெண்டாய்ப் பிரிந்து ஆளுக்கொரு பாதி. நடுவில் நிற்பது ஆர்க்காடியஸின் மகன், அவனுக்கும் தாத்தா பேர்தான், தியோடோசியஸ். 402-ல் அவனுக்கும் பட்டம் கட்டியபோது இன்னும் ஒரு வயசுகூட நிறையவில்லை.

எனக்குப் பொசுக்கென்று ஒட்டிக்கொண்டது. அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், நடுவில் நான். டவுனுக்குப் பஸ் ஏறும்போது இப்படித்தானே நிற்கிறோம்! அன்றைக்கு முழுக்க ஆச்சியின் உலக்கையை ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். காபிக்குக்கூட அசையவில்லை.

அந்தச் சித்தப்பா ராஜா ஹொனோரியஸைப் பற்றி எங்கள் சித்தப்பா ஒரு கதை வைத்திருந்தார். புரோகோப்பியஸ் என்கிற பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்துப் போனது, எவ்வளவு நிஜமோ. 410-ல் அலாரிக் படை ரோமாபுரிக்குள் புகுந்து சூறையாடிவிட்டது. ராவென்னாவில் இருந்த ராஜாவிடம் அரண்மனைக் கோழிக்காரன் ஓடிவந்து, ரோமா போச்சு என்கிறான். ராஜா பதறிப்போய், "இப்பத்தானே என் கையில இர தின்னுச்சு!" என்கிறான். அவன் ஆசையாய் வளர்த்த கோழிக்கு ரோமா என்று பேர். நகரம்தான் போச்சு என்று தெரிந்ததும் அவனுக்கு மூச்சு வந்ததாம். இதைக் கேட்டு எல்லாரும் சிரிக்க, ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. "கோழின்னா பின்ன பதறாதா?" என்றாள். எங்கள் வீட்டுச் சாம்பல்நிறப் பெட்டைக்கு அன்றைக்கே ரோமா என்று பேர் வைத்தேன். ஒரு தீபாவளிக்கு ரோமாபுரி எங்கள் அடுக்களையிலும் வீழ்ந்தது.

சித்தப்பாவிடம் ஒரு வீம்பு உண்டு. தங்கம் என்றால் மதிக்க மாட்டார். ரோமாபுரித் தங்கம் தமிழ்நாட்டில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது கொஞ்சமா? புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரே புதையலில் 501 தங்கக் காசு. அதில் முக்கால்வாசிக்கும் மேலே ராஜா முகத்தில் உளி வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன் என்று காட்டத்தான் வெட்டினார்கள் என்கிறார்கள். இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார். மிளகுக்கும் முத்துக்கும் பட்டுக்கும் போன காசு. பிற்பாடு எழும்பூர் மியூசியத்துக்கு எங்களைக் கூட்டிப்போனபோது, தங்கக் காசுக் கண்ணாடிக்கு முன்னால் எல்லாரும் வாய்பிளந்து நிற்க, சித்தப்பா, "இது யாவாரி காசுடே. பெட்டியில வந்து, பானையில கெடந்து, மண்ணுல பூந்தது. இத எவனும் செலவழிச்சிருக்க மாட்டான்" என்று நகர்ந்துவிட்டார்.

அவருக்குச் சில்லறைதான் ராஜா. நாலாம், அஞ்சாம் நூற்றாண்டுச் செப்புக்காசு, அதுவும் தேய்ந்தது. பொன்னும் வெள்ளியும் கப்பல் ஏறுவது சரி, ரெண்டு கிராம் செம்பை எவன் கடல் தாண்டிச் சுமந்துவருவான்? உருக்குவதற்குத்தான் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். கட்டைவிரலை ஆர்க்காடியஸின் கன்னத்தில் வைத்துக் காட்டுவார்: "உருக்க வந்ததுன்னா எதுக்குடே இப்படித் தேயுது? கை மாறிக் கை மாறித் தேஞ்சிருக்கு. இங்க எவனோ இத வச்சு உப்போ கருவாடோ வாங்கியிருக்கான்." இலங்கையில் இந்தக் காசு ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது, போதாமல் அதே அச்சைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்துக்கொண்டார்கள் என்று படித்தபோது, நான் சித்தப்பா கட்சிக்கே முழுசாகப் போய்விட்டேன். 1994-ல் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளுக்கென்றே தனி நூல் கொண்டுவந்தார். அதைத் தபாலில் வரவழைத்து, அட்டை போட்டு, எங்களை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார் சித்தப்பா.

கொற்கைக்கும் ஒருமுறை கூட்டிப்போனார். ராஜா நெற்றியில் கட்டியிருக்கிற முத்தெல்லாம் நம்ம கொற்கை முத்துதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டிருந்தேன். ஆகையால் பெரிய துறைமுகத்தை எதிர்பார்த்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஏரல் வழியாகப் போய் இறங்கினால் வாழைத்தோட்டம், குளம், ஒரு கிழட்டு வன்னிமரம். கடல் எப்போதோ பின்வாங்கிச் சில கிலோமீட்டர் தள்ளிப் போயாயிற்று. பாண்டியன் அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்தான் என்று ஒரு கிரேக்க மாலுமி கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்திருக்கிறான் என்று சித்தப்பா சொல்லச் சொல்ல, நான் வன்னிமரத்தடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிடைத்தது ஒரு சோடாப்புட்டி கோலி. அதையும் தீப்பெட்டியில் வைத்தேன்.

மூவர் காசுக்கு வருவோம். ஒரு வெள்ளிக்கிழமை ஆச்சி விளக்குத் துலக்க உட்கார்ந்தவள், தார்சா ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த அதையும் எடுத்து, ராஜா முகம் இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே என்று, புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டாள். பளபளவென்று சிவந்துவிட்டது. எழுத்து போச்சு, முத்துச்சரம் போச்சு. சித்தப்பா வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிட மட்டும் உட்காரவில்லை. ஆச்சிக்குக் கோபம். "மூணு பிள்ளையளும் நல்லாத்தானே நிக்கி! முன்னயவிட வெளுப்பா நிக்கி!" என்றாள். அதுவும் நிஜம். மூன்று பேரும் நின்றார்கள், மூக்குமுழி இல்லாமல்.

சித்தப்பாவின் தீப்பெட்டிகள் இப்போது என்னிடம். போன ஆனியில் தேரோட்டம் பார்க்கப் போனபோது அந்தச் சந்துக்குள்ளும் எட்டிப்பார்த்தேன். கடையில் அண்ணாச்சியின் பேரன். மூட்டையும் இல்லை, எடையும் இல்லை, பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொரு காசாகப் போட்டு, போனில் விலை பார்த்துச் சொல்கிறான். ரோமாபுரி உண்டா என்றேன். ஒன்றை எடுத்து நீட்டினான். பச்சைக் களிம்பு அளவாக, எழுத்து ஒன்றுகூடத் தேயாமல், முத்துச்சரம் அப்படியே. திருப்பினேன். மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரும் ஒரே உயரம்.

"நடுவுல உள்ளவன் வளந்துட்டாம்டே" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "நல்ல பீஸு அண்ணாச்சி, பேக் பண்ணிரவா?" என்று கேட்டான்.