ஓடுகின்ற இயந்திரத்தை நிறுத்தலாமா?

சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த நமது பொம்மிடியில் புகைவண்டியின் ஓசை கேட்காத பொழுது அரிது. சேலத்திற்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஓடும் வண்டிகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, விமானம் என்பது மலைக்கு மேலே சிறு புள்ளியாய்த் தோன்றி மறையும் ஒன்றாகவே இருந்தது. அதனுள் நிகழ்வது நம் இல்லத்திற்கும் பாடமாகும் என்று நாம் ஒருநாளும் எண்ணியதில்லை.

இரண்டு கோடைகளுக்கு முன்னர் நமது தமக்கையின் மகன் விடுமுறையில் வந்திருந்தான். சிறிய ஜெட் விமானமொன்றில் துணை விமானியாகப் பணிபுரிகிறவன் அவன். அந்நாட்களில் நம் வீட்டில் அமைதி இல்லை. கிணறு வற்றிவிட்டது, மரவள்ளிக் கிழங்கின் விலை வீழ்ந்துவிட்டது, ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் சரக்கு வண்டிக்கும் வாங்கிய கடன்கள் ஒருசேர நெருக்கின. செலவைக் குறைக்க நாம் கண்ட முதல் வழி, செவிலியர் கல்லூரியில் இரண்டாமாண்டு பயின்றுவந்த மூத்த மகளின் படிப்பை நிறுத்துவது. அதனை அவளிடம் கூறியும் விட்டோம். அவள் மறுமொழி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு திருப்பலி முடிந்து வந்து திண்ணையில் அமர்ந்திருந்தோம். வேறு பேச்சு எடுக்கவேண்டுமே என்பதற்காக, "மாப்பிள்ளை, விமானம் மேலெழும்பும் வேளையில் இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டோம்.

"மாமா, ஒவ்வொரு முறை புறப்படுமுன்னும் விமானத்தின் எடை, ஓடுதளத்தின் நீளம், காற்று, வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒரு வேகத்தைக் குறித்துக்கொள்வோம். அவ்வேகத்தை எட்டுமுன் பழுது நேர்ந்தால் தளத்திலேயே நிறுத்திவிடுவோம். எட்டிய பின் நேர்ந்தால் நிறுத்த முயலக் கூடாது. மீதியுள்ள தளம் போதாது. எஞ்சிய ஓர் இயந்திரத்தோடு மேலே எழும்பியே தீரவேண்டும். அவ்வாறு எழும்ப வல்லதாகத்தான் விமானத்தை அமைத்திருக்கிறார்கள்" என்றான்.

பின்னர் அவன் விரிவாகக் கூறியது இது. ஒரு பக்கத்து விசை நின்றதும் விமானத்தின் மூக்கு செயலிழந்த பக்கமாகத் திரும்பப் பார்க்கும். விமானி காலால் சுக்கானை அழுத்தி அதனை நேராக நிறுத்தவேண்டும். உரிய வேகத்தில் மூக்கை உயர்த்தவேண்டும். விமானம் மேலேறுகிறது என்பது உறுதியான பின்னரே சக்கரங்களை உள்ளிழுக்கவேண்டும். வேகம் குறையவிடலாகாது. எச்சரிக்கை மணி ஒலிக்கும், விளக்குகள் ஒளிரும். ஆயினும் குறைந்தது 400 அடி உயரம் எட்டும்வரை பழுதை ஆராயத் தொடங்குவதில்லை. முதலில் விமானத்தைச் செலுத்து. அடுத்து திசையைப் பார். அதன் பின்னரே கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் பேசு. விமானிகளுக்குப் புகட்டப்படும் வரிசை இதுதான்.

"இதில் மிகவும் அஞ்சத்தக்க தவறு எது?" என்றோம்.

"பதற்றத்தில், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல இயந்திரத்தை நிறுத்திவிடுவது, மாமா" என்றான் அவன்.

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தைவான் தலைநகர் தைபேயில் அவ்வாறே நிகழ்ந்ததாம். அது ஜெட் அன்று. சுழல்விசிறிகள் கொண்ட பயணியர் விமானம். மேலெழும்பிய சிறிது நேரத்தில் வலப்பக்க இயந்திரம் விசையிழந்தது. விமானியோ இடப்பக்கத்து நல்ல இயந்திரத்தின் விசையைக் குறைத்து, பின்னர் அதனை நிறுத்தியும் விட்டார். தவறு புரிந்து மீண்டும் அதனை இயக்க முயன்றபோது உயரம் மிஞ்சவில்லை. விமானம் ஆற்றில் விழுந்தது. அதிலிருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர். "ஆகையால்தான் ஒருவர் இயந்திரத்தைச் சுட்டி, நெம்புகோலின் மீது கைவைத்துக் காத்திருப்பார், மற்றவர் பார்த்து 'ஆம்' என்ற பின்னரே அதனை அசைப்போம்" என்றான்.

உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நம் மனைவியின் கை நின்றது. "நாமும் ஓடுகிற இயந்திரத்தைத்தானே நிறுத்தப் பார்க்கிறோம்?" என்றாள். வேறொன்றும் அவள் கூறவில்லை. நாம் தலைகுனிந்தோம். கிணறு நின்றது, விளைச்சல் நின்றது; இக்குடும்பத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணின் படிப்பு ஒன்றுதான். நெம்புகோலில் நாம் கை வைத்தோம்; உடனிருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்படியாயின் பாரத்தை எங்கே குறைப்பது?" என்று கேட்டோம். அதற்கு மறுமொழியாக, 2019ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஹரியானா மாநிலம் அம்பாலாவில் நடந்ததை மருமகன் சொன்னான். நமது விமானப்படையின் ஜாகுவார் போர்விமானம் ஒன்று மேலெழும்பியதும் பறவைக் கூட்டம் மோதி, இரண்டு இயந்திரங்களில் ஒன்று செயலிழந்தது. அதன் விமானி, வெளியே பொருத்தியிருந்த எரிபொருள் கலங்களையும் பயிற்சிக் குண்டுகளையும் கழற்றிவிட்டு எடையைக் குறைத்தார். எஞ்சிய இயந்திரத்தின் துணையால் வட்டமிட்டுத் திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கினார். விட்டெறிய வேண்டியது எது, காக்கவேண்டியது எது என்பதை அந்தச் சில நொடிகளில் அவர் பிரித்தறிந்திருந்தார்.

அந்த வாரமே சரக்கு வண்டியை விற்றோம். ஏற்றுவதற்குச் சரக்கின்றி வாசலில் நின்ற அவ்வண்டியை, ஊரார் என்ன நினைப்பரோ என்ற கூச்சத்தினாலேயே அதுவரை விற்காமல் வைத்திருந்தோம். விற்ற பணத்தில் ஒரு கடன் தீர்ந்தது. மகள் கல்லூரிக்குத் திரும்பினாள். புகைவண்டியில் ஏறும்போது, "அப்பா, நீங்கள் மெலிந்துவிட்டீர்கள்" என்று மட்டும் சொன்னாள்.

மற்றக் கடன் இன்னும் இருக்கிறது. நாம் இன்று தாழத்தான் பறக்கிறோம், ஆயினும் பறக்கிறோம். அன்புள்ள பெற்றோரே, இல்லத்தில் இடர் வந்து எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது கை தானாகவே ஏதேனும் ஒரு நெம்புகோலைத் தேடும். அதை அசைக்குமுன் ஒருகணம் பொறுத்து, அருகிலிருப்பவரைக் கேளுங்கள்: "நாம் நிறுத்தப்போவது நின்றுபோனதையா, ஓடுவதையா?"