தாத்தா வாட்சா, புது வாட்சா?



ரெண்டு வருஷமா உண்டியலில் சேர்த்த பணத்தோடு போடி வாட்ச் கடைக்குப் போனேன். கையில் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா இருந்தது. தோல் வார், தினமும் சாவி கொடுக்கணும். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் அரசு முடிவெடுத்தது.

தாத்தாவுக்குப் பிறகு அம்மா அதைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போவாங்க. மலை ஈரம் உள்ளே இறங்கி, போன மாசம் நின்றுவிட்டது.

கடையில் தடியாக ஒரு குரோனோகிராஃப். மூன்று குட்டி வட்டம், ரெண்டு பொத்தான். ஒன்றை அமுக்கினால் ஸ்டாப் வாட்ச் ஓடும். 800 மீட்டர் ஓடுற எனக்கு அதுதானே வேணும்!

"சர்வீஸா, புதுசா தம்பி?" என்றார் கடைக்கார அண்ணன். பணம் ஒன்றுக்குத்தான் போதும்.

யோசித்தேன். பழசைச் சரிபண்ணினாலும் மலையில் மறுபடி நின்றுவிடும். மழையில் போனை வெளியே எடுக்க முடியாது. மணி தெரியாமல் திரும்புற ஜீப்பை விட்டால் அம்மா என்ன செய்வாங்க?

புதுசை வாங்கினேன். பின்மூடியில் '100 மீட்டர்' என்று இருந்தது, மழைக்குத் தாங்கும். அம்மா கையில் கட்டிவிட்டேன். "இத்தனை வட்டம் எதுக்குடா?" என்று சிரித்தாங்க. ராத்திரி தூங்கும்போதும் கழற்றவில்லை.

தாத்தா வாட்ச் என் மேஜையில் காத்திருக்கு. அடுத்த உண்டியல் அதுக்குத்தான். ஸ்டாப் வாட்சா? அது பி.டி. சாரிடம் இருக்கே!

— பதினோராம் வகுப்பு மாணவன்