குவைத்திலிருந்து வந்த கண்ணாடி டிஷ்

எங்க வீட்டு குசினிச் சுவரில் ஒரு கொப்பித்தாள் ஒட்டியிருக்கு. தங்கச்சி எழுதினது. நாலே நாலு வரி. அதை எழுத முதல், அம்மாவின் காலில் மூணு தையலும், வீட்டில் ஒரு மாசம் சரியான பேச்சில்லாத சாப்பாட்டு நேரங்களும் நடந்து முடிஞ்சிருந்தன.

அம்மா ஒன்பது வருசம் குவைத்தில் வீட்டு வேலை செஞ்சாங்க. இரத்தோட்டைக்கு மேல, தோட்டத்துப் பக்கம் எங்க வீடு. கடைசியா வந்தப்போ, போர்வைகளுக்கு நடுவே சுத்தி ஒரு நீட்டுக் கண்ணாடி டிஷ் கொண்டு வந்தாங்க. அவங்க வேலை செஞ்ச வீட்டில் அந்த மாதிரி டிஷ்ஷில்தான் கோழியை ஓவனுக்குள் வைப்பாங்களாம். "இது சூட்டுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லித்தான் அலுமாரியில் வச்சாங்க. கூட வந்த கடதாசியில் அரபும் இங்கிலீசும். யாரும் வாசிக்கல. பெட்டியோடு சேர்ந்து அதுவும் விறகடுப்புக்குப் போயிருச்சு.

2023 தீபாவளிக்கு முதல் நாள். தங்கச்சி கேக் ஓடர் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கின சின்ன ஓவன். கேக் எல்லாம் முடிச்சிட்டு, அம்மாவுக்காக முதல் தடவையா அந்த டிஷ்ஷில் ஒரு முழுக் கோழியை வச்சா. முக்கால் மணித்தியாலம் போக, அடி வத்தி கருகல் வாசம் வந்தது. கதவைத் திறந்து, குழாயில் ஒரு கோப்பை தண்ணி பிடிச்சு ஊத்தினா.

நான் இஸ்தோப்பில் ஃபோன் பாத்துக்கிட்டு இருந்தேன். பட்டாசுன்னுதான் நினைச்சேன். உள்ளே போய்ப் பார்த்தா, ஓவனுக்குள்ளயும் தரையிலயும் கண்ணாடி. சத்தம் கேட்டு வெறுங்காலோடு ஓடி வந்த அம்மாவின் பாதத்தில் ரத்தம். தங்கச்சி கோப்பையைப் பிடிச்சபடி அசையாம நிக்கிறா.

நான் முதலில் கேட்டது "காயம் பட்டிச்சா?" இல்ல. "கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க, வேற மாதிரி. "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கவனக்குறைவா?" திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் அதே பேச்சு. பக்கத்து வீட்டு பெரியம்மா வந்து இன்னொரு தடவை. ஒன்பது வருசச் சம்பளத்தில் மிஞ்சின ஒரு சாமானை உடைச்சவள்னு பேர். அவ ஓவனைத் துணி போட்டு மூடினா. வந்த ஓடர்களையும் வேணாம்னுட்டா.

அந்த டிஷ் ஏன் உடைஞ்சதுன்னு தேடிப் படிக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. அதையும் அவளுக்காகச் செய்யல. இன்னொண்ணு வாங்கலாம்னு விலை பார்க்கப் போய் மாட்டினது.

ஓவனில் வைக்கும் கண்ணாடி எல்லாம் ஒரே கண்ணாடி இல்ல. போரோசிலிக்கேட்டுன்னு ஒரு வகை இருக்கு. சூடானா மிகக் குறைவாத்தான் விரியும். ஆய்வுகூடக் குடுவைகள் அதில்தான் செய்யறாங்க. 1913இல் அமெரிக்காவில் பெஸ்ஸி லிட்டில்டன் என்ற பெண், தன் மண் பாத்திரம் வெடிச்சுப் போனதால், கண்ணாடிக் கம்பனியில் வேலை செய்த கணவரிடம் வேற ஏதாவது கொண்டு வரச் சொன்னார். அவர் வெட்டிக் கொண்டு வந்த பற்றரிச் சாடியின் அடிப்பாகத்தில் கேக் சுட்டார். 1915இல் பைரெக்ஸ் விற்பனைக்கு வந்தது அதன் தொடர்ச்சிதான். அடுப்பறைக் கண்ணாடியின் கதையே ஒரு பெண்ணின் உடைஞ்ச பாத்திரத்தில் தொடங்குது.

மத்தது சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. யன்னலுக்கும் போத்தலுக்கும் பாவிக்கிற அதே வகை, சூடேத்திப் பலப்படுத்தினது. மலிவு. கை தவறி விழுந்தா ஓரளவு தாங்கும். ஆனா சூட்டில் ரெண்டரை மடங்குக்கு மேல விரியும். 2012இல் அமெரிக்க செரமிக் சங்கத்தின் சஞ்சிகையில் ரெண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினாங்க: போரோசிலிக்கேட் சுமார் 183 பாகை செல்சியஸ் திடீர் வித்தியாசத்தைத் தாங்கும், சோடா சுண்ணாம்பு சுமார் 55 பாகைதான். இன்னைக்கு அமெரிக்காவில் விற்கிற கண்ணாடி பேக்கிங் பாத்திரங்களில் பெரும்பாலானவை இந்த ரெண்டாவது வகை.

எங்க டிஷ் எந்த வகைன்னு சொல்ல இப்ப கடதாசியும் இல்ல. ஆனா கணக்கு இதுதான்: ஓவன் 200 பாகை. நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கி வர்ற எங்க குழாய்த் தண்ணி, கார்த்திகைக் குளிரில், 20 பாகைக்குக் கிட்ட. வித்தியாசம் 180. தண்ணி பட்ட இடம் சட்டுன்னு சுருங்கும், மிச்சம் விரிஞ்சபடியே நிக்கும். கண்ணாடி வளைஞ்சு குடுக்காது, பிளந்துரும்.

சரி, அவ ஏன் தண்ணி ஊத்தினா? கறி அடிப்பிடிச்சா அம்மா என்ன செய்வாங்க? கொஞ்சம் தண்ணி தெளிப்பாங்க. அலுமினியச் சட்டி அதைத் தாங்கும். கவனமில்லாம இல்ல, வீட்டில் பார்த்துப் பழகின கவனத்தோடுதான் அவ செஞ்சிருக்கா.

அம்மாச்சி மண்சட்டி வாங்கினா, கஞ்சித் தண்ணி கொதிக்க வச்சுப் பழக்கிட்டுத்தான் கறிக்கு எடுப்பாங்க. "வெறுஞ்சட்டி காய்ஞ்சிருந்தா பச்சத்தண்ணி ஊத்தாதே, விட்டுரும்"னு சொல்லிக் குடுப்பாங்க. சட்டியோடு அந்தப் பேச்சும் வீட்டுக்கு வந்தது. கண்ணாடி மட்டும் பேச்சில்லாம வந்தது. அதுக்கான பேச்சு கடதாசியில், எங்களுக்கு எட்டாத மொழியில இருந்தது.

2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் சிலிண்டர், கண்ணாடி மேல்தட்டு அடுப்பெல்லாம் வெடிச்சது ஞாபகம் இருக்கும். அப்போ எங்க டவுனில் கேட்ட முதல் பேச்சும் "பழைய டியூப் மாத்தியிருக்க மாட்டாங்க, ரெகுலேட்டரைச் சரியா மூடியிருக்க மாட்டாங்க"ங்கிறதுதான். பிறகு ஜனாதிபதி நியமிச்ச குழு, காஸில் புரொப்பேன், பியூட்டேன் கலக்கிற அளவு மாறினதை முக்கிய காரணமாகச் சொன்னது. அடுப்படியில் எது வெடிச்சாலும் முதல் குற்றவாளி அடுப்புக்குப் பக்கத்தில நின்ன பொம்பளைதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்.

படிச்சதை எல்லாம் தங்கச்சிக்கிட்ட சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "அப்போ நான் செஞ்சது பிழை இல்லையாண்ணே?"ன்னா. பிழைதான், ஆனா தெரிஞ்சு செஞ்சது இல்லைன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அதுக்கு அவ ஒண்ணும் சொல்லல. கொப்பியைக் கிழிச்சு எழுத ஆரம்பிச்சா.

ஓவன் நல்லா சூடான பிறகுதான் கண்ணாடியை உள்ளே வைக்கணும், ஃபிரிட்ஜில் இருந்து நேரா வைக்கக் கூடாது.
தண்ணி விடுறதா இருந்தா ஆரம்பத்திலேயே விடு, சூட்டில் ஊத்தாதே.
வெளியே எடுத்தா காஞ்ச துணியில் வை, ஈரச் சீமெந்தில் வைக்காதே.
கீறலோ ஓரம் உடைஞ்சதோ இருந்தா ஓவனுக்கு வேணாம், காஸ் அடுப்பில் எப்பவும் வேணாம்.

அம்மா இங்கிலீசு வாசிக்க மாட்டாங்க. இதை எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டு, "இதை அந்த வீட்டிலயே ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கலாம்"னாங்க. இன்னைக்கு வரைக்கும் தங்கச்சியிடம் அம்மா சொன்ன சமாதானம் அவ்வளவுதான். தை பிறந்ததும் ஓவன் மேல இருந்த துணி எடுபட்டது. இப்போ தகரத் தட்டில்தான் எல்லாம் வேகுது.

உங்க வீட்டில் வெளிநாட்டில் இருந்து வந்த கண்ணாடி டிஷ் இருந்தா, கூட வந்த கடதாசியைத் தேடிப் பாருங்க. வாசிக்கத் தெரிஞ்சவங்க, மத்தவங்களுக்கு சத்தமா வாசிச்சுக் குடுங்க.