லயத்து நாய்

நாயைப் பற்றித் தமிழில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. இழிந்தவனை 'நாயே' என்று ஏசும் அதே நாக்கு, நன்றிக்குச் சான்று தேடும்போதும் நாயையே நாடுகிறது. தன்னை வளர்த்த பாகனையே கொல்லும் யானையையும், உடலில் வேல் தைத்து நிற்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் நாயையும் அருகருகே நிறுத்தி, நட்புக்கு உரியது நாயே என்று தீர்ப்பளிக்கிறது நாலடியார். சங்கப் பாடல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் வேட்டுவரோடு ஓடித்திரிந்த அவ்வுயிர், நம் வகுப்பறைகளில் அருஞ்சொற்பொருளாகக் கரும்பலகையில் நின்றுவிடுகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மட்டும் அது அருஞ்சொல்லாக இருந்ததே இல்லை.

கோலகுபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே பழைய நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் கெர்லிங். அதைச் சூழ்ந்த தோட்டங்களில் கித்தா மரங்கள் நின்ற காலத்தில், ஒவ்வொரு லயத்திற்கும் நான்கைந்து நாய்களாவது இருந்தன. மணி, டைகர், கருப்பன், செவலை என்று ஆளுக்கொரு பெயரிட்டு அழைப்போம். எந்தப் பெயரைச் சொன்னாலும் எல்லா நாய்களும் ஓடி வரும். விடியுமுன் பெரட்டுக்களத்திற்கு ஆட்கள் செல்லும்போதே அவையும் புறப்பட்டுவிடும். நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில் பால்மரம் சீவுகிற பெண்ணுக்கு, நான்கடி முன்னே செல்லும் நாய்தான் கண்ணும் காதும். புதருக்குள் பாம்பு கிடந்தாலும் காட்டுப்பன்றி குட்டிகளோடு படுத்திருந்தாலும் அதுவே முதலில் அறிந்து குரைக்கும். நண்பகலில் பால் நிறுத்தும் இடத்தில் படுத்திருக்கும். இரவில் முனியாண்டி கோயிலின் திண்ணை அதன் இருப்பிடம்.

அந்த நாய் யாருடையது? இக்கேள்வியை அந்நாளில் எவரும் கேட்டதில்லை. முதல் வீட்டில் கஞ்சியும் மூன்றாம் வீட்டில் கருவாட்டுத் தலையும் கடைசி வீட்டில் அடியும் வாங்கி அது வாழ்ந்தது. வெளியூர்க்காரர் எவரேனும் கேட்டால், 'லயத்து நாய்' என்று சொல்வார்கள்.

சட்டத்தில் அப்படியொரு நாய்க்கு இடமில்லை என்பதை நான் பிற்காலத்தில்தான் உணர்ந்தேன். தீபகற்ப மலேசியாவில் நாய்களைப் பற்றிய விதிகளை வகுக்கும் பொறுப்பு, 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் ஊராட்சி மன்றங்களிடம் உள்ளது. சிலாங்கூரின் ஊராட்சி மன்றங்கள் பலவும் 2007இல் நாய் உரிமத்திற்கெனத் தனித் துணைச் சட்டங்களை இயற்றின. உரிமம் பெற்ற நாய் கழுத்துப்பட்டையில் எண் பொறித்த வில்லையை அணிந்திருக்க வேண்டும்; ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும்; பொது இடத்தில் அதைக் கட்டாமல் திரியவிடலாகாது. வீட்டு மனையின் அளவை வைத்து இத்தனை நாய்கள்தாம் என்று வரையறுப்பதும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவாக நாய்க்கு இசைவே கிடைப்பதில்லை. ஆக, விதியின் கண்ணுக்கு இரண்டே நாய்கள் தெரிகின்றன. ஒன்று உரிமையாளரின் பெயரும் மனையும் வேலியும் உடைய நாய். மற்றது பிடிக்கப்பட வேண்டிய நாய்.

இவ்விதிகளைக் குறைகூறுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. நம் பாட்டன்மார் கப்பலேறிய காலத்தில், கடிபட்டவருக்கு மந்திரிப்பதும் வேரை அரைத்துக் கொடுப்பதுமே மருத்துவமாக இருந்தன. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தோன்றும்வரை, ஊசி மருந்து வேண்டிய தென்னாட்டார் வடகோடியில் உள்ள கசௌலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. மலாயாவில் 1952இல் கோலாலம்பூரிலேயே இந்நோய் பரவியது. அதன்பின் தாய்லாந்து எல்லையோரம் தடுப்பூசி போட்ட நாய்களைக் கொண்டு ஒரு காப்பு வளையம் 1955இல் அமைக்கப்பட்டது. பல்லாண்டுகள் அது நாட்டைக் காத்தது. ஆயினும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியது; 2017இல் சரவாக்கில் புகுந்து பல உயிர்களைக் கொண்டுசென்றது. ஓரிடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் தடுப்பூசி போட்டால் நோய் பரவாது என்பது மருத்துவ அறிஞர் கணக்கு. எத்தனை நாய்கள் உள்ளன என்று தெரியாமல் எழுபது விழுக்காட்டை எப்படி எட்டுவது? பதிவேடு தேவைதான்.

வேறொரு நியாயமும் உண்டு. நம் அண்டை வீட்டாரான இசுலாமியரின் சமய நெறிப்படி, நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அவர் வீட்டு வாசலில் நம் நாய் திரிந்தால் அவருக்கு எத்தனை இடர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது முறை. கடிக்கும் நாயைப் பற்றியும் எனக்குக் கற்பனை இல்லை. பள்ளிவாயிலில் நாய் கடித்த ஒரு மாணவியை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர்களுள் நானும் ஒருவன். அன்று அவள் கெண்டைக்காலில் கண்ட காயத்தை மறந்துவிட்டு நாய்களுக்காகப் பரிந்து பேச என்னால் இயலாது.

அப்படியானால் என் மனத்தில் உறுத்துவது எது? தோட்டங்கள் தனியார் நிலம் ஆனதால், மன்றத்தின் குப்பை வண்டியோ தெருவிளக்கோ பல லயங்களை எட்டியதே இல்லை. அங்கே பிறந்த உயிர்களை எவரும் எண்ணவில்லை. 1990ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை வந்தது, புக்கிட் பெருந்தோங் போன்ற புதுக் குடியிருப்புகள் எழுந்தன, கித்தா போய்ச் செம்பனை வந்தது, நிலம் கைமாறியது. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். சாமிப் படமும் அம்மிக்கல்லும் லாரியில் ஏறின. நாய்கள் ஏறவில்லை. வெறும் லயத்தின் வாசலில் அவை காத்துக் கிடந்தன. உரிமையாளர் இல்லாத நாய்கள் என்று ஏட்டில் அவற்றுக்குப் பெயர்.

என் பெரியம்மா தோட்டத்தை விட்டு வந்தபோது லயத்தில் ஐந்து நாய்கள் இருந்தன. அவற்றுள் கிழட்டுக் கருப்பனை மட்டும் தம் மகனின் தரைவீட்டுக்கு அழைத்து வந்தார். அதற்கு உரிமம் எடுக்கும் படிவத்தை நான்தான் நிரப்பினேன். உரிமையாளர் பெயர் என்ற கட்டத்திற்கு வந்ததும் பெரியம்மாவைப் பார்த்தேன்.

"என் பேரையா தம்பி எழுதுற? அது அஞ்சலை வீட்டுல பொறந்தது. ராக்கு வீட்டுல வளந்தது. லயத்து நாயின்னு எழுத அதுல எடம் இல்லியா?"

இடமில்லை. அவர் பெயரையே எழுதினேன். மற்ற நான்கு நாய்களுக்குச் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் சிலர் சில மாதங்கள் சோறிட்டனர். பின்னர் ஒருநாள் வண்டி வந்தது. வந்தவர்கள் விதிப்படியே நடந்துகொண்டார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறந்தது முதல் எந்த மன்றத்தின் ஏட்டிலும் இடம்பெறாத அந்நான்கும், பிடிபட்ட நாளின் கணக்கில்தான் முதன்முதலாக எண்ணப்பட்டன.

கண்மறைவாகத் துரத்திவிட்டால் தீரும் என்று எண்ணுவது மனித இயல்பு போலும். 1910இல் இசுதான்புல் நகரத்துத் தெருநாய்கள் பல்லாயிரத்தைப் பிடித்து, ஒரு பாறைத் தீவில் பசியால் சாக விட்டார்கள். அந்நியர் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2009இல் நம் சிலாங்கூரிலேயே, கேத்தாம் தீவின் தெருநாய்கள் நூற்றுக்கணக்கில் அருகிலுள்ள சதுப்புநிலத் தீவுகளில் கொண்டுபோய் விடப்பட்டன. குடிக்க நன்னீரின்றி அவை ஒன்றையொன்று தின்ற செய்தி வெளிநாட்டு ஏடுகளிலும் வந்தது. 2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசுட்டில் 'கோப்பி' என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடெங்கும் எழுந்த குரலைப் பலரும் அறிவர்.

மூன்றாவது வகை நாயைச் சட்டத்திற்குள் கொண்டுவருவது இயலாத செயலன்று. பிடித்த நாய்களைக் கொன்றுவந்த சென்னை மாநகராட்சி, 1996 முதல் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. இந்திய அரசு 2023இல் வெளியிட்ட விதிகள் தெருநாய்களைச் 'சமூக விலங்குகள்' என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் அங்கும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தில்லியின் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, சில நாள் கழித்து, 2025 ஆகஸ்டு 22இல் அவ்வாணையைத் திருத்தியது. கருத்தடையும் ஊசியும் முடித்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிகொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றது. அதே நீதிமன்றம் நவம்பரில், பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்றும் ஆணையிட்டது. தடுமாற்றம் என்று சிலர் நகைக்கக்கூடும். கடிபட்ட குழந்தையையும் பசித்த நாயையும் ஒருசேரப் பார்க்க முயலும் எவரும் தடுமாறத்தான் செய்வர்.

நம் நாட்டில் ஒரு தோட்டம் கைமாறும்போது எத்தனை குடும்பங்கள், எத்தனை வீடுகள், எவ்வளவு இழப்பீடு என்றெல்லாம் பேசுகிறார்கள். கோயிலை எங்கே பெயர்ப்பது, பள்ளியை எங்கே கட்டுவது என்றும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சிலேயே லயத்து நாய்களையும் எண்ணிவிட முடியும். விலங்கு மருத்துவர் ஒருநாள் வந்தால் ஊசி போட்டுவிடலாம்; சில நாள் தங்கினால் கருத்தடையும் முடியும். போகிற குடும்பங்களுள் யார் எதை ஏற்பர் என்று கேட்டு, எஞ்சியவற்றைச் சங்கங்களிடம் ஒப்படைக்கலாம். லாரி புறப்பட்ட பிறகு இவற்றைச் செய்யப் புகுந்தால், வலையும் தடியும் தவிர வேறு வழியிருக்காது.

சென்ற டிசம்பரில் கருப்பனின் உரிமத்தைப் புதுப்பிக்கச் சென்றேன். எங்கள் வட்டாரத்தில் இன்னும் ஆள் குடியிருக்கும் லயம் ஒன்று உண்டு; அங்கே ஆறு நாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உரிமம் தருவார்களா என்று முகப்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் கனிவோடு, நில உரிமையாளரின் கடிதம் இருந்தால் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். தோட்ட நிருவாகத்திற்கு எழுதியிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.